வண்டி, ரயில், ரேஸ் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போக்குவரத்து பற்றிய புத்தகங்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். வாகனப் பொறியியல், ரயில்வே, மோட்டார் பந்தயம் என்று எது கிடைத்தாலும் விடுவதில்லை. இது தெரிந்தவர்கள் எப்போது பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டுவிட்டேன்.

கார், ரயில், ரேஸ் எல்லாம் வேற வேற விஷயமாச்சே, எதுல ஆரம்பிக்கிறது?

தெருவில் போகும்போது உங்கள் கண் தானாக எதன் மேல் போய் நிற்கிறதோ அதில் ஆரம்பியுங்கள். பாலத்தின் மேல் நின்று ரயில் போவதைப் பார்க்கிற ஆளுக்கு இன்ஜின் பாடப்புத்தகத்தைக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார். ஆசை இருக்கும் இடத்தில்தான் பொறுமையும் இருக்கும்.

வேறு வேறு விஷயம் என்பதையும் நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கார் டயர் சாலையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். ரயில் சக்கரம் தண்டவாளத்தைத் தொடுவது ஒரு சின்ன நாணயம் அளவு. வண்டி கிளம்புவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்தத் துண்டு இடத்தில்தான் நடக்கிறது. மூன்று வகைப் புத்தகங்களும் கடைசியில் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன, ஒன்றில் புரிந்தது அடுத்ததில் கைகொடுக்கும்.

எனக்குக் கணக்கு சுத்தமா வராது. படிச்சா புரியுமா?

புரியும். ஆனால் ஒரே ஒரு கணக்கை மட்டும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், ஏனென்றால் அதற்கு அப்புறம் பாதிப் புத்தகங்கள் தாமாகத் திறந்துகொள்ளும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காய்ந்த நல்ல சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று வையுங்கள். 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 14 மீட்டரில் வண்டி நிற்கும். 100 கி.மீ. வேகத்தில்? வேகம் இரண்டு மடங்கு என்பதால் 28 மீட்டர் என்றுதான் மனசு சொல்லும். உண்மையில் 56 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைத்தால், அந்த ஒரு நொடியிலேயே 28 மீட்டர் போய்விடும். மொத்தம் 84.

இதையே ரயிலுக்குப் போடுங்கள். இரும்பின் மேல் இரும்பு, பிடிப்பு குறைவு. நொடிக்கு நொடி வேகம் அரை மீட்டர்தான் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நிற்க 770 மீட்டருக்கு மேல் வேண்டும். கண்ணில் பட்டபின் நிறுத்துவதென்றால் பெரும்பாலும் காலம் கடந்துபோயிருக்கும். ரயில்வே புத்தகங்களில் பாதிக்கு மேல் சிக்னலைப் பற்றியே பேசுவது ஏன், நிறுத்தும் கைகாட்டிக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கும் கைகாட்டி ஒன்று ஏன் நிற்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து விளங்கிவிடும்.

பாடப்புத்தகம், மெக்கானிக் மேனுவல், ஓட்டுநர் எழுதின நினைவுகள், இதுல எது 'உண்மையான' புத்தகம்?

நான்காவதாக விபத்து விசாரணை அறிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்குமே உண்மையானவைதான், பார்க்கும் கோணம்தான் வேறு. ஒரு பிரேக் ஏன் சூடேறுகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதன் கட்டை எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று மேனுவல் சொல்லும். சூடேறிய பிரேக் காலடியில் மெத்தென்று உள்ளே போனபோது எப்படி இருந்தது என்பதை ஓட்டுநர்தான் சொல்ல முடியும். அன்று அது ஏன் பிடிக்கவில்லை என்று அறிக்கை சொல்லும்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: பத்துப் பொருளுக்குப் பத்துப் புத்தகம் வாங்குவதைவிட, ஒரே பொருளை இந்த நான்கு கோணத்திலும் படியுங்கள். பிரேக்கை அப்படிப் படித்தவருக்கு அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தைக் கண்டும் பயம் வராது.

மேனுவலை எல்லாம் கதைப் புத்தகம் மாதிரி உக்காந்து படிக்க முடியுமா?

முடியும், நான் படிக்கிறேன். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை இறுக்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளுக்கு எண் போட்ட ஒரு படம் இருக்கும். எண் 1 ஓரத்தில் இருக்காது, நடுவில் இருக்கும். அங்கிருந்து குறுக்கும் மறுக்குமாக வெளிப்புறம் நோக்கிப் போகும், அதுவும் ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று தவணையாக. ஓரத்திலிருந்து இறுக்கிக்கொண்டு வந்தால் நடுவில் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்க வைக்கும் தகடு) புடைத்துக்கொள்ள இடம் உண்டு, நடுவிலிருந்து போனால் அது வெளிப்பக்கமாகச் சமமாகப் படிந்துகொண்டே போகும். இந்தக் காரணத்தை மேனுவல் எழுதாது, எண்களை மட்டும் கொடுக்கும். காரணத்தை நாம்தான் யோசித்துப் பிடிக்க வேண்டும், அதில்தான் படிக்கிற சுகமே.

சில இன்ஜின்களில் கடைசித் தவணையில் 'இவ்வளவு விசை' என்று போடாமல் 'இன்னும் 90 டிகிரி திருப்பு' என்று போட்டிருக்கும். ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. போல்ட்டை உண்மையில் இழுத்துப் பிடிப்பது மிச்சமுள்ள ஒரு பங்குதான். மரையில் கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறிவிடும். கோணத்தை அளந்தால் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்பது உராய்வைப் பெரிதாகச் சாராமல் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஒருவர் ஓரத்திலிருந்து ஒரே வேகத்தில் இறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் அந்த இன்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய் கசிந்து கறுத்த கோடாக இறங்கியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது படத்தில் இருந்த எண் 1 எனக்கு முழுசாகப் புரிந்தது.

பழைய புத்தகம் எதுக்கு? கார்புரேட்டரெல்லாம் போயே போச்சே.

கார்புரேட்டர் போயிருக்கலாம், பெட்ரோலையும் காற்றையும் சரியான விகிதத்தில் கலக்க வேண்டிய வேலை போகவில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். பழைய ஆசிரியர்களுக்கு அந்த வேலையைக் கணினியிடம் தள்ளிவிட வழி இல்லாததால், என்ன நடக்கிறது என்று படிப்படியாக விளக்கியே ஆக வேண்டியிருந்தது. அதனாலேயே சில பழைய புத்தகங்கள் புதியவற்றைவிடத் தெளிவாக இருக்கின்றன.

இன்னொரு லாபமும் உண்டு. 1886-இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார், இறக்கத்தில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோனதும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு மூதாதை என்று அந்தத் தோலைச் சொல்வார்கள். ஒரு பாகம் எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டுமானால் அது இல்லாத காலத்துக்குத்தான் போக வேண்டும்.

பழைய புத்தகத்துல அதே இன்ஜினுக்குக் குதிரைத்திறன் ஜாஸ்தி போட்டிருக்கே, அச்சுப் பிழையா?

பெரும்பாலும் அச்சுப் பிழை இல்லை, அளந்த முறை வேறு. அமெரிக்காவில் 1972 மாடல்களுக்கு முன்பு விளம்பரத்திலும் புத்தகத்திலும் வந்த எண்கள் பெரும்பாலும் மொத்தத் திறன். இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் போன்ற திறனைத் தின்னும் பாகங்கள் இல்லாமல் அளந்தது. பிறகு நிகரத் திறனுக்கு மாறினார்கள், அதாவது வண்டியில் எப்படிப் பொருந்தியிருக்குமோ அந்தக் கோலத்தில் வைத்து அளப்பது. இன்ஜின் அதேதான், காகிதத்தில் மட்டும் குதிரைகள் ஓடிப்போயின.

அது போக, குதிரைத்திறனிலேயே இரண்டு வகை. பிரிட்டிஷ் குதிரைத்திறன் 745.7 வாட், ஐரோப்பியப் புத்தகங்களில் வரும் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இரண்டு புத்தகங்களை ஒப்பிடும்போது குழப்பும். நான் எல்லாவற்றையும் கிலோவாட்டாக மாற்றி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிடுவேன்.

ரயில் புத்தகத்துல 4-6-2, 2-8-2ன்னு போட்டிருக்காங்களே, ஃபோன் நம்பர் மாதிரி, அது என்ன?

நீராவி இன்ஜினின் சக்கரக் கணக்கு. முன்னால் தாங்கும் சக்கரங்கள், நடுவில் நீராவி விசை பெற்று இழுக்கும் சக்கரங்கள், பின்னால் தாங்கும் சக்கரங்கள் என்ற வரிசை. 4-6-2 என்றால் முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு. இரு பக்கச் சக்கரங்களும் சேர்த்து எண்ணப்படும். அதற்குப் 'பசிஃபிக்' என்று பெயர், 2-8-2-க்கு 'மிக்காடோ'. நடுவில் உள்ள எண் பெரிதானால் பொதுவாக இழுவைக்காரன், சரக்குக்கு ஏற்றவன். நடு எண் சிறிதாகி முன்னால் 4 இருந்தால் பெரும்பாலும் வேகக்காரன்.

பிரெஞ்சுப் புத்தகத்தில் இதே இன்ஜின் 231 என்று இருக்கும், ஏனென்றால் அவர்கள் சக்கரத்தை விட்டுவிட்டு அச்சுகளை எண்ணுகிறார்கள். டீசல், மின்சார இன்ஜின்களில் 'கோ-கோ' என்று கண்டால் இரண்டு போகிகள் (அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்கள்), ஒவ்வொன்றிலும் மூன்று அச்சு, ஒவ்வோர் அச்சுக்கும் தனி மோட்டார் என்று படியுங்கள். 'போ-போ' என்றால் இரண்டிரண்டு அச்சு.

வளைவுல ரயிலைத் திருப்புறது சக்கரத்தோட விளிம்புதானே?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், சில பொதுப் புத்தகங்களும் அப்படித்தான் எழுதுகின்றன. விளிம்பு கடைசிக் காவல்தான். உண்மையில் திருப்புவது சக்கரத்தின் சரிவு. ரயில் சக்கரம் தட்டையான உருளை இல்லை, உட்பக்கம் பெரிதாகவும் வெளிப்பக்கம் சிறிதாகவும் லேசாகச் சாய்ந்தது. பல காலம் வழக்கமாக இருந்த சாய்வு இருபதுக்கு ஒன்று. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை, எனவே காரில் போல வெளிச்சக்கரம் மட்டும் தனியாக வேகமாகச் சுற்ற முடியாது. வளைவில் அந்த ஜோடி வெளிப்பக்கம் நகரும்போது வெளித் தண்டவாளத்தின் மேல் சக்கரத்தின் பெரிய விட்டமும் உள் தண்டவாளத்தின் மேல் சிறிய விட்டமும் வந்து உட்கார்கின்றன. ஒரே சுற்றில் பெரியது அதிகத் தூரம் போகிறது, வண்டி தானாகத் திரும்புகிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்து வாயோடு வாய் ஒட்டுங்கள், நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்திருக்கும். இரண்டு நீளக் குச்சிகளை இணையாகச் சரிவில் வைத்து உருட்டிவிடுங்கள். கொஞ்சம் கோணலாகவே விட்டாலும் தள்ளாடி நடுவுக்கு வந்து நேராகப் போகும். அப்புறம் இன்னொரு ஜோடியை அடியோடு அடி ஒட்டி, நடு சிறுத்து முனைகள் பருத்திருக்கும்படி செய்து உருட்டுங்கள், கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். முதல் ஜோடி தள்ளாடியது நினைவிருக்கட்டும். வேகம் கூடும்போது அதே தள்ளாட்டம் வளர்ந்து பெட்டியையே ஆட்டும், அதிவேக ரயில் பற்றிய புத்தகங்களில் இதை அடக்குவதற்கென்றே அத்தியாயங்கள் இருக்கும். 1964-இல் ஜப்பானில் மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஷின்கான்சென் ஓட ஆரம்பித்ததன் பின்னால் இந்த ஆட்டத்தைப் பற்றிய கடுமையான ஆராய்ச்சி இருந்தது.

விபத்தைப் பத்தின புத்தகங்களைப் படிக்க மனசே வரலை. அதையும் படிக்கணுமா?

மனசு வராதது நல்ல மனசு. இருந்தும் படியுங்கள் என்றுதான் சொல்வேன், இந்தத் துறையில் மிக நேர்மையான எழுத்து அங்கேதான் இருக்கிறது. தொடங்குவதற்கு எல்.டி.சி. ரோல்ட் 1955-இல் எழுதிய 'ரெட் ஃபார் டேஞ்சர்' போதும், பிரிட்டிஷ் ரயில் விபத்துகளையும் அவற்றிலிருந்து பிறந்த விதிகளையும் பற்றியது. பரபரப்புக்காக ஒரு வரிகூட எழுதாத மனிதர்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1889 ஜூன் 12, அயர்லாந்தில் ஆர்மா. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெற்றோரும் நிறைந்த உல்லாசப் பயண ரயில், 15 பெட்டிகள். 75-க்கு 1 ஏற்றத்தில் இன்ஜின் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. முன்னால் ஐந்து பெட்டிகளை மட்டும் முதலில் கொண்டுபோகலாம், மீதியை அப்புறம் வந்து எடுக்கலாம் என்று முடிவு செய்து பெட்டிகளைக் கழற்றினார்கள். அந்த ரயிலில் இருந்த வெற்றிட பிரேக் தானியங்கி வகை இல்லை. குழாயில் வெற்றிடம் உண்டாக்கினால்தான் பிரேக் பிடிக்கும், குழாயைக் கழற்றினால் பின்னால் நிற்கும் பெட்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. பத்துப் பெட்டிகளைப் பிடித்து நிறுத்த மிஞ்சியது கடைசி வண்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான். முன்பகுதி கிளம்பும்போது கொஞ்சம் பின்னோக்கி நகர்ந்து இடித்தது, கற்கள் நொறுங்கின, பெட்டிகள் சரிவில் உருண்டன. பின்னாலேயே, முன்வண்டி போய் இவ்வளவு நேரம் ஆயிற்றா என்று கடிகாரம் பார்த்து அனுப்பும் பழைய முறையில், வழக்கமான ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. சுமார் 80 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் பலர்.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பயணி ரயில் முழுக்கத் தொடரும் தானியங்கி பிரேக், ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு ரயில் என்ற பிளாக் முறை, கைகாட்டியும் பாதை மாற்றியும் ஒன்றுக்கொன்று முரண்படாதபடி பூட்டும் இன்டர்லாக்கிங், மூன்றும் கட்டாயமாயின. தானியங்கி பிரேக்கில் தர்க்கமே தலைகீழ். வெற்றிடமோ காற்றழுத்தமோ இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும், குழாய் அறுந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே தானியங்கி காற்று பிரேக்கை உருவாக்கிவிட்டார். 17 வருடம் கழித்தும் அது எல்லா ரயிலிலும் இல்லை என்பதுதான் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நெஞ்சில் தைக்கிறது.

ரேஸ் புத்தகம்னா டிரைவர் வாழ்க்கை வரலாறுதானே? எத்தனை கோப்பை, எத்தனை சண்டைன்னு?

அப்படிப்பட்டவை நிறைய உண்டு, அவற்றை வேகமாகப் புரட்டிவிடலாம். பொறியாளர் எழுதியதையோ, பொறியியல் தெரிந்த ஓட்டுநர் எழுதியதையோ தேடுங்கள். மார்க் டானஹ்யூ பொறியியல் பட்டம் பெற்ற ஓட்டுநர், 1975-இல் வந்த அவருடைய 'தி அன்ஃபேர் அட்வான்டேஜ்' ஒவ்வொரு காராக எடுத்து, அதில் எது சரியில்லை, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்று போகும். ஏட்ரியன் நியூவீ 2017-இல் எழுதிய 'ஹௌ டு பில்ட் எ கார்' புத்தகமும் கார்களின் வரிசையில்தான் நகர்கிறது, எழுதியவர் வடிவமைப்பாளர். இரண்டிலும் தோல்விகளுக்குக் கிடைக்கும் பக்கங்களைக் கவனியுங்கள்.

ரேஸ் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி விதிப்புத்தகத்தோடு நடக்கும் மல்லுக்கட்டு. 1970-களின் கடைசியில் ஃபார்முலா 1 பந்தயத்தில் லோட்டஸ் அணி காரின் அடிப்பகுதியையே தலைகீழ் இறக்கை போல வடிவமைத்து, பக்கங்களை மூடி, காற்றாலேயே காரைத் தரையோடு அழுத்தியது. அதற்குப் பதிலடியாக பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி 1978-இல் காரின் பின்னால் ஒரு பெரிய விசிறியை வைத்து அடியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தார். நகரும் காற்றியக்கப் பாகத்துக்குத் தடை இருந்தது, ஆனால் விசிறி முதன்மையாக இன்ஜினைக் குளிர்விக்கத்தான் என்று வாதம். ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லௌடா அதை ஓட்டி வென்றார், அந்தக் கார் அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 1983-இல் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதியே வந்தது. ஒரு விதி ஏன் இருக்கிறது என்று புரிந்தபின் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும்.

அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் எல்லாம் ரேஸ் காருக்குத்தானே? நம்ம வண்டிக்கு என்ன?

எல்லாக் காருக்கும் உண்டு. டயர் ரப்பர் வளைந்துகொடுப்பதால், திரும்பும்போது சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் சில டிகிரி மாறியிருக்கும். அதுதான் வழுக்குக் கோணம். முன்சக்கரங்களில் அது பின்சக்கரங்களைவிட அதிகமானால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும், அது அண்டர்ஸ்டியர். பின்னால் அதிகமானால் வால் வெளியே போகும், அது ஓவர்ஸ்டியர்.

தெருவில் ஓடும் கார்களை வேண்டுமென்றே கொஞ்சம் அண்டர்ஸ்டியர் வரும்படி அமைக்கிறார்கள். வளைவில் வண்டி விரிந்து போவதைக் கண்டு பயந்தவர் தன்னிச்சையாக ஆக்சிலரேட்டரை விடுவார், எடை முன்னால் போகும், முன்சக்கரங்களுக்குப் பிடிப்புத் திரும்பும். பயந்த மனிதனின் முதல் அசைவே சரியான அசைவாக இருக்கும்படி வடிவமைப்பு. இதை முறையாகப் படிக்க கில்லெஸ்பி எழுதிய வாகன இயக்கவியல் பாடப்புத்தகம் நல்லது, மில்லிகன்கள் எழுதிய பெரிய ரேஸ் கார் புத்தகம் அதற்கு அடுத்த படி. இரண்டிலும் கணக்கு உண்டு, மேலே சொன்ன பிரேக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் தைரியமாகத் தொடலாம்.

ஒரு புத்தகம் ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. யாரை நம்புறது?

முதலில் இருவரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள். மிக வேகமான நீராவி இன்ஜின் எது? 1938 ஜூலை 3-இல் மல்லார்ட் மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கி.மீ. தொட்டது என்று பிரிட்டிஷ் புத்தகம் சொல்லும். 1936-இல் 05 002 என்ற இன்ஜின் 200.4 கி.மீ. ஓடியதை ஜெர்மன் புத்தகம் அழுத்திச் சொல்லும். இரண்டும் சரி. மல்லார்ட் இறக்கத்தில் ஓடியது, ஓட்டத்தின் முடிவில் நடு சிலிண்டரின் பேரிங் சூடேறிக் கெட்டது. ஜெர்மன் இன்ஜின் ஏறக்குறைய சமதளத்தில் ஓடியது. 'முதல்', 'மிக வேகமான', 'மிகப் பெரிய' என்று தொடங்கும் வாக்கியங்களில் எந்த நிபந்தனையில் என்று கேட்டுப் பழகுங்கள்.

இன்னொரு வகை முரண்பாடு கடினமானது. ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகத்தின் முதல் அத்தியாயம் செவர்லே கோர்வேர் காரின் பின்சக்கர அமைப்பைக் குற்றம் சாட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972-இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு நிறுவனமே சோதித்து, அந்தக் கார் அக்காலத்து ஒத்த கார்களைவிட மோசமில்லை என்றது. அப்படியானால் புத்தகம் பொய்யா? மற்ற அத்தியாயங்களைப் படியுங்கள், மோதலில் வண்டிக்கு உள்ளே இருப்பவர் எதன் மேல் போய் இடிக்கிறார் என்று அது கேட்ட கேள்வி இன்றும் ஒவ்வொரு காரின் உட்புறத்தையும் வடிவமைக்கிறது. என் முடிவு, குறிப்பிட்ட குற்றச்சாட்டில் தடுமாறினாலும் கேட்ட கேள்வியில் சரி. ஒரு புத்தகத்தை முழுசாக ஏற்கவோ முழுசாகத் தள்ளவோ கட்டாயம் இல்லை.

மின்சார வண்டி வந்தாச்சு. இன்ஜின் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுடலாமா?

1899 ஏப்ரல் 29-இல் காமில் ஜெனாட்சி பாரிஸுக்கு அருகே 105.88 கி.மீ. வேகத்தில் ஓட்டி, சாலை வண்டியில் முதன்முதலாக 100-ஐத் தாண்டினார். அந்த வண்டி மின்சார வண்டி. அதற்கு 20 வருடம் முன்பே, 1879-இல், சீமன்ஸ் பெர்லின் கண்காட்சியில் மின்சார ரயிலை ஓட்டிக் காட்டிவிட்டார். புதிது என்று நாம் நினைப்பதன் பழைய புத்தகங்களும் இருக்கின்றன, தேடிப் படியுங்கள்.

டயர், பிரேக், திருப்பம், காற்றுத்தடை பற்றிய புத்தகங்கள் எதுவும் வீணாகாது. பேட்டரியால் எடை கூடுவதால் அவற்றின் தேவை அதிகமாகத்தான் ஆகிறது.

இங்கிலீஷ் கலைச்சொல்லும் புரியலை, தமிழ்க் கலைச்சொல்லும் புரியலை. என்ன பண்றது?

ஒரு நோட்டு போடுங்கள். ஒரு பொருளுக்கு மூன்று பத்தி: புத்தகம் சொல்லும் சொல், மெக்கானிக் சொல்லும் சொல், நீங்களே வரைந்த படம். உராய்வு, நிலைமம், உந்தம், முறுக்குவிசை போன்றவை பள்ளியிலேயே படித்தவை, தயங்காமல் தமிழிலேயே யோசிக்கலாம். கிளட்ச், பிஸ்டன், பேரிங் எல்லாம் எல்லோர் வாயிலும் இருக்கிற சொற்கள், அவற்றை வலிந்து மாற்றவும் வேண்டாம். படம் வரைய முடிந்தால் சொல் எதுவானாலும் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

பத்து வயசுப் பிள்ளைக்கு?

வெட்டுமுகப் படங்கள் நிறைந்த பெரிய புத்தகம். கூடவே இரண்டு ஜோடிக் காகிதக் கோப்பை, நான்கு குச்சி.

வாங்குறதுக்கு முன்னாடியே நல்ல புத்தகமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்னால் உள்ள சொல்லடைவைப் பாருங்கள், அது இல்லாத தொழில்நுட்பப் புத்தகத்தை நான் பெரும்பாலும் எடுப்பதில்லை. படங்களுக்குக் கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். 'வேகமாகச் செல்லும் ரயில்' என்று இருந்தால் யோசியுங்கள், எந்த இன்ஜின், எந்த வருடம், எந்த ஏற்றத்தில் என்று இருந்தால் எழுதியவர் உழைத்திருக்கிறார். அளவுகளில் அலகு சரியாக இருக்கிறதா, குதிரைத்திறன் எந்த வகை என்று எங்காவது சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கடைசியாக, பிரேக் அத்தியாயத்தைத் திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். இன்ஜினைப் பற்றி யார் வேண்டுமானாலும் ஆர்வமாக எழுதிவிடுவார்கள். பிரேக்குக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டு உச்ச வேகத்துக்குப் போய்விடும் புத்தகத்தை நான் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவேன். குழாய் அறுந்தால் என்ன ஆகும், ஈரத்தில் என்ன ஆகும், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேட்டுப் பதில் சொல்லியிருந்தால், வாங்கிவிடுங்கள்.